கடற்கன்னியின் கத்தி எங்கே?

குழந்தைகள் அழுதுவிடுமாம்! அதனால் கதையின் முடிவையே மாற்றிவிடுகிறார்கள் கார்ட்டூன் படக்காரர்கள். இது நியாயமா?

டென்மார்க் எழுத்தாளர் ஆன்டர்சன் 1837-ம் ஆண்டு வெளியிட்ட கதை "குட்டிக் கடற்கன்னி". கோபன்ஹேகன் துறைமுகத்தில் அவளுக்கு வெண்கலச் சிலையே இருக்கிறது. 1913-ல் வைத்தார்கள்.

ஆனால், கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டால், கடைசியில் இளவரசனுக்கும் அவளுக்கும் கல்யாணம் என்றுதான் சொல்லும். அது 1989-ல் அமெரிக்காவின் டிஸ்னி கம்பெனி எடுத்த படம். ஆன்டர்சன் எழுதியது வேறு!

நாக்கை அறுத்தாள்

கடல் ராஜாவின் கடைசி மகள். 15 வயதில் முதல் தடவையாகத் தண்ணீருக்கு மேலே வருகிறாள். கப்பல் உடைந்து தத்தளிக்கும் இளவரசனைக் காப்பாற்றுகிறாள். அவன் மேல் ஆசை. மனிதர்களுக்கு உள்ள அழியாத ஆன்மா மீதும் ஆசை.

சூனியக்காரியிடம் போகிறாள். மீன் வால் போய்க் கால் கிடைக்கும். அதற்கு விலை, நாக்கு! நடக்கும் ஒவ்வொரு அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கும். இளவரசன் வேறொருத்தியைக் கட்டினால், மறுநாள் காலையில் இவள் கடல் நுரையாகிவிடுவாள்.

அப்படியே ஆகிறது. தன்னைக் காப்பாற்றியவள் பக்கத்து நாட்டு இளவரசி என்று நினைத்து, அவளைக் கட்டிக்கொள்கிறான். நாக்கு இல்லாதவள் உண்மையை எப்படிச் சொல்வாள்?

அன்று ராத்திரி அக்காமார் ஐந்து பேரும் கப்பல் பக்கம் வருகிறார்கள். தலையில் கூந்தலைக் காணோம். அதைச் சூனியக்காரிக்குக் கொடுத்துக் கத்தி ஒன்று வாங்கி வந்திருக்கிறார்கள். விடியுமுன் இளவரசனைக் குத்தினால் தங்கை பிழைப்பாள்.

தூங்குகிறவனைப் பார்க்கிறாள். கத்தியைப் பார்க்கிறாள். கடலில் வீசி எறிகிறாள்! தானும் குதிக்கிறாள்.

இதுதான் கதையின் உயிர்.

கல்யாணமே முடிவா?

டிஸ்னி படத்தில் நாக்கு அறுபடவில்லை. குரல் மட்டும் சங்குக்குள் போகிறது. அது போகட்டும், சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படம். பாட்டும் நல்ல பாட்டுதான். பாட்டுக்கும் இசைக்கும் 2 ஆஸ்கார் பரிசு வந்தது.

ஆனால் கத்தி எங்கே போச்சு? இளவரசனே கப்பலை ஓட்டி வந்து சூனியக்காரியைக் கொல்கிறான். அப்பா மனம் இரங்கிக் கால் தருகிறார். கொல்வதா, சாவதா என்ற கேள்வியே அவளுக்கு வரவில்லை.

பிறகு 1992 முதல் 1994 வரை டெலிவிஷனில் தொடராகவும் காட்டினார்கள். மொத்தம் 31 பகுதி. எல்லாம் அவளுக்குக் கால் முளைப்பதற்கு முந்திய கதை. அங்கேயும் கத்திக்கு வேலை இல்லை.

கனடாவில் துணிந்தார்கள்

இதற்கு முன்பே, 1970-களில், கனடாவின் பாட்டர்டன் கம்பெனி இதே கதையை டெலிவிஷனுக்காக அரை மணி நேரக் கார்ட்டூனாக எடுத்தது. கதை சொன்னவர் நடிகர் ரிச்சர்ட் சேம்பர்லின். அதில் கல்யாண முடிவு கிடையாது. ஆன்டர்சன் போன வழியிலேயே போனார்கள்.

அதே கம்பெனி 1971-ல் ஆஸ்கார் ஒயில்டின் "சுயநல ராட்சசன்" கதையை எடுத்தது. ராட்சசன் கடைசியில் செத்துப்போகிறான். குழந்தைகள் படம்தான் அது. அதை ஆஸ்கார் போட்டிக்கும் தேர்ந்தெடுத்தார்களே!

எதை வெட்டலாம்?

ஆன்டர்சன் எழுதியதில் ஒரு எழுத்தையும் தொடக்கூடாது என்பது அல்ல. அவர் கடைசியில் ஒரு உபதேசம் வைத்திருக்கிறார். செத்தவள் காற்றோடு காற்றாகி 300 ஆண்டு நல்லது செய்தால் ஆன்மா கிடைக்குமாம். நல்ல பிள்ளையைப் பார்த்தால் ஒரு வருடம் குறையுமாம். கெட்ட பிள்ளையைப் பார்த்து அழுதால், ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு நாள் கூடுமாம்!

இது பூச்சாண்டி காட்டுகிற வேலை. வெட்டுவதென்றால் இதை வெட்டுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

கத்தியை மட்டும் வெட்டாதீர்கள். பிள்ளைகள் அழுதால் அழட்டும். அடுத்தவருக்காக அழுகிற பிள்ளை கெட்டா போகும்? அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். கார்ட்டூனில் அடியும் வெடியும் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைக்கு, ஒரு நல்ல பெண்ணின் சாவைப் பார்க்கவா மனசு தாங்காது?

முடிவை மாற்றித்தான் தீருவோம் என்கிறவர்கள், "முடிவு மாற்றப்பட்டது" என்று டைட்டிலிலேயே போடட்டும். கல்யாணத்தில் முடிகிற கதை ஆயிரம் கிடைக்கும். தன் உயிர் போனாலும் சரியென்று கத்தியைக் கடலில் எறிகிற பெண் இந்தக் கதையில்தான் இருக்கிறாள். அவளைக் குழந்தைகளிடம் மறைப்பது மோசடி!