திரைக்கு வெளியே அளக்க வேண்டும்: இணையவழிப் பேச்சுப் பயிற்சி குறித்த நிலைப்பாடு

“உங்கள் பெயரைச் சொல்லுங்கள்” என்கிறது பேச்சுப் பயிற்சிச் செயலி. திக்குவாய் உள்ள பலருக்கு உலகிலேயே கடினமான சொல் அவரவர் பெயர்தான். முதல் எழுத்திலேயே குரல் அடைத்து நிற்கிறது. அந்த மௌனத்தைப் பேச்சின் முடிவு என்று எண்ணி, செயலி அடுத்த திரைக்குப் போய்விடுகிறது.

இத்தகைய சேவைகளை எப்படிச் சோதிப்பது? திக்குவாய் உள்ள பெரியவர்களே நடத்தும் இந்தச் சுயஉதவி அமைப்பின் நிலைப்பாடு இதுதான்: வடிவமைப்பின் முதல் நாளிலிருந்தே திக்குவாய் உள்ளவர்கள் சோதனையில் இடம்பெற வேண்டும்; பலனைத் திரைக்கு வெளியே அளக்க வேண்டும்.

தொலைவழிப் பயிற்சியை அமைப்பு எதிர்க்கவில்லை. திக்குவாய்க்காக ஆஸ்திரேலியாவில் உருவான கேம்பர்டவுன் பயிற்சியைத் தொலைபேசி வழியாகவும் நேரிலும் 40 பெரியவர்களுக்கு அளித்து ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளியானது. இரு குழுவினரின் பேச்சிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொலைபேசியில் பயிற்சியாளர் செலவிட்ட நேரமும் குறைவு. ஸ்பீச் தெரபிஸ்ட் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது நல்ல செய்தி.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆய்வாளர் எரிக் ஜாக்சன் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், கேட்க ஆளில்லை என்று நம்பித் தமக்குத்தாமே பேசிய, திக்குவாய் உள்ள 24 பெரியவர்களிடம் திக்கல் ஏறக்குறைய மறைந்தே போனது. அப்படியிருக்க, பூட்டிய அறையில் கைபேசியிடம் சரளமாகப் பேசியதை முன்னேற்றம் என்று எப்படிக் கணக்கு வைப்பது? மருந்துக் கடையிலும், வங்கிக்குப் போடும் போனிலும், வேலை நேர்காணலிலும் என்ன நடந்தது என்று சில மாதம் கழித்துக் கேட்க வேண்டும்.

சோதனை முறையும் மாற வேண்டும். ‘மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள்’ என்பது பயனர் சோதனையின் வாடிக்கை. திக்குவாய் உள்ளவருக்கு அதுவே தனியாக ஒரு பரீட்சை. எழுதிச் சொல்லவும் வழி வேண்டும். திக்கல் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் என்பதால் ஒரே அமர்வு போதாது.

பயனர்களைக் கேட்டால் பலன் உண்டு. ஆப்பிள் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், குரல் உதவிச் செயலி தங்கள் பேச்சைப் பாதியில் வெட்டிவிடுகிறது என்று திக்குவாய் உள்ளவர்கள் முறையிட்டார்கள். பேச்சு முடிந்ததா என்று கணிக்கும் முறையைத் திருத்தியதும் அந்த வெட்டு வெகுவாகக் குறைந்தது.

சோதனைக்கு நேரம் ஒதுக்க அமைப்பின் உறுப்பினர்கள் தயார். நிறுவனங்கள் அந்த நேரத்துக்கு ஊதியம் தர வேண்டும். முடிவுகளோடு, பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் வெளியிட வேண்டும்.