பார்க்கில் போட்டேன் என்று நினைத்தேன்

ஷார்ஜாவில் இருக்கும் சித்தப்பா போன வாரம் ஒரு பழைய எஸ்.யூ.வி.யின் படங்களை அனுப்பியிருந்தார். 2014 ஜீப் கிராண்ட் செரோகி, கறுப்பு கலர், விலையும் மோசமில்லை. "எப்படிடா இருக்கு?" என்றார். பார்க்க ஜம்மென்றுதான் இருந்தது. ஆனால் அந்த வருஷத்து மாடலின் ஆட்டோமேட்டிக் கியர் பற்றி நான் படித்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "ஒழுங்கா பார்க்ல போடத் தெரியாதவன் எவனோ செஞ்சதுக்கு வண்டி என்னடா பண்ணும்?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டிக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

கியர் வண்டியை மட்டுமே பார்த்தவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஆட்டோமேட்டிக்கில் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று வரிசையாக நிலைகள் இருக்கும். பார்க்கில் போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்ன இரும்பு நாக்கு பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும், வண்டி நகராது. பழைய மாதிரி லீவரில் பார்க் ஓர் இடம், ரிவர்ஸ் வேறோர் இடம். கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தாலே எதில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

2014, 2015 கிராண்ட் செரோகியில் லீவர் என்பது வெறும் ஸ்விட்ச். தள்ளிவிட்டுக் கையை எடுத்தால், வீடியோ கேம் ஜாய்ஸ்டிக் மாதிரி மறுபடி நடுவுக்கே வந்து நிற்கும். டிரைவில் இருந்தாலும் அதே இடம், பார்க்கில் இருந்தாலும் அதே இடம். எதில் இருக்கிறோம் என்பதை விளக்கு எரியும் எழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்குக்குப் போக லீவரைக் கடைசி வரை முன்னால் தள்ள வேண்டும். கொஞ்சம் குறைந்தால் ரிவர்ஸிலோ நியூட்ரலிலோ நின்றுவிடும். இன்னொரு கூத்து, பார்க்கில் இல்லாதபோது பட்டனை அழுத்தினால் என்ஜின் வழக்கம்போல அணையாது. அவசரத்தில் அழுத்திவிட்டு, கதவைத் திறந்து இறங்கிவிடுகிறார் மனுஷன். இடம் சரிவாக இருந்தால் வண்டி தானாகக் கிளம்பிவிடும்.

அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2015-ல் இதை விசாரிக்க ஆரம்பித்தது. 2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் இந்த லீவர் வைத்த சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது (கிராண்ட் செரோகியோடு டாட்ஜ் சார்ஜர், கிரைஸ்லர் 300 கார்களும் அடக்கம்). 41 பேர் காயப்பட்டதற்கு இது காரணமாக இருக்கலாம் என்று அப்போதே ஒரு கணக்கு இருந்தது. கூடவே, எந்திரக் கோளாறு ஒன்றும் இல்லை, வண்டி பார்க்கில் இருப்பதாக டிரைவர்கள் தவறாக நினைத்து இறங்கியிருக்கிறார்கள் என்பது கம்பெனியின் விளக்கம். கதவைத் திறந்தால் எச்சரிக்கை மணி அடிக்கும் என்றும் சொன்னார்கள்.

2016 ஜூன் 19. ஸ்டார் ட்ரெக் படங்களில் செகோவாக நடித்த ஆன்டன் யெல்ச்சின், லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டுச் சரிவுப் பாதையில் நின்றிருந்தார். அவருடைய 2015 கிராண்ட் செரோகி பின்னால் உருண்டு வந்து, தூணோடும் கேட்டோடும் சேர்த்து அவரை நசுக்கியது. வயது 27. வண்டிகளைத் திரும்ப அழைத்து இரண்டு மாதம் ஆகியும், சரிசெய்யும் மென்பொருள் டீலர்களுக்கு வந்து சேர்ந்தது அவர் இறந்த பிறகுதான்.

அந்த மென்பொருள் செய்கிற வேலை என்ன தெரியுமா? வண்டி கிட்டத்தட்ட நின்றிருக்கிறது, பெல்ட் கழற்றப்பட்டிருக்கிறது, பிரேக்கில் கால் இல்லை, டிரைவர் பக்கக் கதவு திறந்திருக்கிறது என்றால் தானே பார்க்கில் போட்டுக்கொள்ளும். அவ்வளவுதான்! லீவரைக்கூட மாற்றவில்லை. பெல்ட், கதவு பற்றிய தகவலெல்லாம் முதல் நாளிலிருந்தே வண்டிக்குத் தெரியும். இல்லாவிட்டால் மணி எப்படி அடித்திருக்கும்? ஆபத்து என்று தெரிந்து மணி மட்டும் அடித்துவிட்டுச் சும்மா இருந்த வண்டியை, டிரைவர் தப்பு என்ற ஒரே சொல்லில் விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. 2016 மாடலில் அந்த லீவரையே கம்பெனி மாற்றிவிட்டது.

சித்தப்பாவின் கட்சி புதியதில்லை. 1970-களின் ஃபோர்டு வண்டிகள் பார்க்கிலிருந்து ரிவர்ஸுக்கு நழுவுகின்றன என்று குவியலாகப் புகார் வந்து, சாவுகளும் நடந்தன. லீவர் பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் அரைகுறையாக நிற்கும், பார்க் மாதிரியே தோன்றும். 1980 டிசம்பரில் அரசும் கம்பெனியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வண்டிகளைத் திருப்பி வாங்கிப் பழுது பார்க்கவில்லை. சுமார் 2 கோடியே 30 லட்சம் பேருக்குத் தபாலில் ஸ்டிக்கர் அனுப்பினார்கள். பார்க்கில் சரியாகப் போடுங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள், என்ஜினை அணையுங்கள் என்று டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ள! காமர்ஸ் படிக்கிறவன் புத்தியில் சொல்கிறேன், இதைவிட மலிவான தீர்வை எந்தக் காஸ்ட் அக்கவுண்டன்ட்டும் கண்டுபிடிக்க முடியாது.

நேர் எதிராக ஒரு கதை. 1980-களில் ஆடி 5000 கார் தானாகப் பாய்கிறது என்று பெரிய ரகளை. 1989-ல் வந்த அரசு அறிக்கை, பெரும்பாலும் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததுதான் காரணம் என்றது. அசல் டிரைவர் தப்பு! ஆனாலும் பிரேக்கில் கால் வைக்காமல் பார்க்கிலிருந்து லீவரை நகர்த்த முடியாதபடி ஒரு பூட்டு அந்தக் காருக்கு வந்தது. அதே மாதிரிப் பூட்டு, 2010 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்கும் ஆட்டோமேட்டிக் கார்களுக்குக் கட்டாயம். தப்பு யாருடையது என்பது ஒரு கேள்வி, தடுக்க முடியுமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இரண்டாவதை மூட்டை கட்டிவிடுவதுதான் எனக்கு எரிச்சல்.

சரி, ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் இதெல்லாம் நடக்காதே என்பீர்கள். உண்மைதான், போட வேண்டும்தான். ஆனால் சரியாக நடந்துகொள்கிற ஆயிரம் தடவையை மட்டும் மனதில் வைத்து வண்டி செய்யக்கூடாது. கைக்குழந்தையும் காய்கறிப் பையுமாக இறங்குகிற அந்த ஆயிரத்து ஒன்றாவது தடவையும் அதே வண்டியில்தான் நடக்கிறது.

வாங்காதீங்க என்று சித்தப்பாவிடம் சொல்லவில்லை. சேஸிஸ் நம்பரை டீலரிடம் கொடுத்து, அந்த மென்பொருள் ஏற்றியாயிற்றா என்று கேளுங்க, ஏற்றாவிட்டால் பணத்தைக் கொடுக்காதீங்க என்று மட்டும் சொன்னேன். பத்து வருஷம் தாண்டிய வண்டி, எத்தனை கை மாறியதோ, யார் போய்ச் செய்திருப்பார்கள்?

"பார்க்கிறேன்டா" என்றிருக்கிறார். வண்டியையா, சேஸிஸ் நம்பரையா என்று சொல்லவில்லை :-)