கடைவாய்ப் பல்லின் விலை

வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் அரிசிக்கு ஒரு வரி உண்டு. பள்ளிக் கட்டணத்திற்கு ஒரு வரி உண்டு. பல்லுக்கென்று ஒரு வரி எழுதிய இல்லத்தை நாம் இதுவரை கண்டதில்லை. எனவேதான் பல் செலவு வரும்பொழுதெல்லாம் அழையா விருந்தாளிபோல் வாசலில் வந்து நிற்கிறது.

அண்மையில் நம் தமக்கையாருடன் பல் மருத்துவரிடம் செல்ல நேர்ந்தது. வலது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல் முற்றிலும் சொத்தையாகி, ஈறு மட்டத்திற்கு உடைந்திருந்தது. இப்பல் ஏறத்தாழ ஆறு வயதில் முளைப்பது. பாற்பல் எதுவும் விழாமலே, வரிசையின் பின்னால் சத்தமின்றி முளைத்துவிடுவதால், இதையும் விழுந்து முளைக்கும் பல்லென்றே பெற்றோர் பலர் எண்ணிவிடுகின்றனர். ஆயுள் முழுவதும் மெல்லும் வேலையில் பெரும்பங்கைச் சுமப்பது இதுவே.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் இதே பல்லில் சிறு குழி விழுந்தபொழுது, 700 ரூபாயில் அடைத்துவிடலாம் என்றார்களாம். அந்த மாதம் மூத்த மகளின் விடுதிக் கட்டணம் குறுக்கிட்டது. ஒன்றரை ஆண்டுக்குப் பின் வலி எடுத்தது. சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டதால் வேர்ச் சிகிச்சை செய்து 'கேப்' போட வேண்டும், 9,000 ரூபாய் ஆகும் என்றனர். அப்பொழுதும் கிராம்பை அடக்கிக்கொண்டு நாள் கடத்தினார். பின்பு வலி தானாகவே நின்றது. தேறிவிட்டது என்று மகிழ்ந்தார். உண்மையில், உள்ளிருந்த நரம்பு செத்ததால் நின்ற வலி அது. கிருமிகள் வேர் வழியாகக் கீழிறங்கிச் சீழ் கட்டும் வரை பல் வாய் திறக்கவில்லை.

“இனி இதைக் காப்பாற்ற இயலாது, அம்மா. எடுத்துவிட்டு, வேறு பல் வைப்பதைப் பற்றி யோசியுங்கள்” என்றார் மருத்துவர்.

மூன்று வழிகளைச் சொன்னார். கழற்றி மாட்டும் பல் 2,500 ரூபாய். இருபுறத்துப் பற்களையும் தூணாகக் கொண்டு கட்டும் 'பிரிட்ஜ்' 15,000 ரூபாய். தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன்மேல் பல் பொருத்தும் 'இம்ப்ளாண்ட்' 32,000 ரூபாய். இவை அவ்வூரில் அம்மருத்துவர் சொன்ன தொகைகள். ஊருக்கு ஊர், பொருளுக்குப் பொருள் மாறக்கூடியவை.

வெளியே வந்ததும் தமக்கையார் நம் கையைப் பற்றி, “தம்பி, ஒரு பல் போனால் என்ன? முப்பத்திரண்டாயிரத்தில் சின்னவளுக்கு ஒரு பருவக் கட்டணம் கட்டிவிடலாமே” என்றார். நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. அது வீண் கேள்வியும் அன்று.

இழந்த பல் ஒவ்வொன்றையும் ஈடுசெய்தே தீரவேண்டும் என்பதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த கெய்சர் என்னும் பல் மருத்துவப் பேராசிரியர், வரிசையின் கடைசிப் பற்கள் சில இல்லாமலே பலர் நன்றாக மென்று வாழ்வதை 1981இல் எடுத்துக்காட்டினார். தமக்கையார் இழப்பது வரிசையின் இறுதிப் பல்லாக இருந்திருப்பின், விட்டுவிடுங்கள் என்றே நாமும் சொல்லியிருப்போம். ஆனால் இதற்குப் பின்னால் இன்னொரு கடைவாய்ப் பல் நிற்கிறது. நடுவில் இடம் காலியானால் அது மெல்ல முன்னோக்கிச் சாயும். மேல்வரிசைப் பல் எதிரில் தாங்குவாரின்றிக் கீழிறங்கும். இடுக்குகளில் சோறு தங்கி, நல்ல பற்களும் கெடும். ஒரு பல்லின் கணக்கு மூன்று பற்களின் கணக்காக விரியக்கூடும்.

சரி, மலிவான வழியைக் கொள்ளலாமா? கழற்றி மாட்டும் பல் ஏழைக்கு உதவும் நல்ல துணைதான். ஆனால் ஒரு பக்கத்து ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு அதை அணிந்தவர் பலர், சில மாதங்களில் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். பிரிட்ஜ் உறுதியானது, விரைவில் முடிவது. ஆயினும் அதற்கு இருபுறத்துப் பற்களையும் சுற்றிலும் அராவ வேண்டும். அவை முன்பே பெரிதாக அடைக்கப்பட்ட பற்களாயின் அது நட்டமன்று. இரண்டிற்கும் கேப் போட்டதுபோல் ஆகிவிடும். தமக்கையாருக்கோ அவ்விரண்டும் கீறலில்லாத பற்கள். ஓர் ஓட்டையை அடைக்க இரண்டு நல்ல சுவர்களை இடிப்பதா என்று நமக்கு மனம் ஒப்பவில்லை.

இம்ப்ளாண்ட் அண்டைப் பற்களைத் தீண்டுவதில்லை. இதன் பிறப்பே விந்தையானது. 1952இல் சுவீடனின் பிரானெமார்க் என்னும் மருத்துவ அறிஞர், முயலின் கால் எலும்பில் ஆய்வுக்காக டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். பின்பு எடுக்க முயன்றால் எலும்பு அதை விடவில்லை! 1965இல் முதல் மனிதருக்கு அவ்வாறு பற்கள் பொருத்தினார்; அம்மனிதர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றுடனேயே வாழ்ந்தார்.

ஆனால் தமக்கையாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மூன்று மாதச் சராசரி அளவு 9.4 என இரத்தப் பரிசோதனை காட்டியது. அளவு மிஞ்சிய சர்க்கரையில் புண் ஆறுவது தாமதிக்கும். எலும்பு திருகைப் பற்றாமலும் போகும். அதைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார் மருத்துவர். மறுபுறம், பல் எடுத்த இடத்தில் எலும்பின் அகலம் ஓராண்டிற்குள் ஏறத்தாழப் பாதியளவு குறையக்கூடும். ஆகவே அவசரமும் ஆகாது, அசட்டையும் ஆகாது.

இரவு மைத்துனரும் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். பல் எடுத்துப் புண் ஆறிய பின்னரே திருகு, திருகு எலும்போடு ஒட்ட மேலும் சில மாதங்கள், அதன்பிறகே பல். ஆக, தொகை முழுவதும் ஒரே நாளில் கேட்கப்படுவதில்லை என்பது அப்பொழுதுதான் புலப்பட்டது. மாதம் 3,000 ரூபாய் ஒதுக்கினால் சின்னவளின் கட்டணத்தில் கைவைக்க வேண்டியதில்லை. மைத்துனர் கணக்குப் புத்தகத்தை எடுத்து, 'பல்' என்று புது வரி எழுதினார். தமக்கையார் மறுப்பேதும் சொல்லவில்லை. மறுநாள் முதல் காப்பியில் சர்க்கரையை நிறுத்தினார்.

பல் எடுத்த அன்று மருத்துவர் மற்றப் பற்களையும் பார்த்தார். இடது பக்கத்தில் அதே போன்ற சிறு குழி ஒன்று இருந்தது. 900 ரூபாய் என்றார். “இன்றே அடைத்துவிடுங்கள், டாக்டர்” என்றார் தமக்கையார்.