வெளிநாட்டில் டிப்ஸ், வாசலில் இனாம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இப்போது சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, துபாய் என்று பேக்கேஜ் டூர் போய்வருகிற குடும்பங்கள் அதிகமாகிவிட்டன. போகட்டும், நல்லதுதான். நம் பிள்ளைகளும் போக வேண்டும். டூர் கம்பெனிகள் தருகிற பயணத் திட்டத்தின் கடைசியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: கைடுக்கும் டிரைவருக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டிப்ஸ். பல கம்பெனிகள் இதைக் கட்டாயம் என்றே எழுதி முன்கூட்டியே வாங்கிவிடுகின்றன. அந்த வரியைப் பார்த்து யாரும் பேரம் பேசுவதில்லை. எந்த நாட்டில் எவ்வளவு கொடுத்தால் மரியாதை, ஜப்பானில் கொடுத்தால் சங்கடப்படுவார்களாமே என்றெல்லாம் யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள்.

இதே குடும்பங்களின் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவைத் தீபாவளிக்கு முந்தைய வாரம் பாருங்கள். "யாரும் ஐம்பதுக்கு மேல கொடுக்காதீங்க, அப்புறம் வருஷா வருஷம் ரேட்டை ஏத்திடுவாங்க." வாசலில் வந்து நிற்கும் தூய்மைப் பணியாளரிடம் விசாரணை வேறு. "போன வாரம்தானே ஒருத்தி வந்து வாங்கிட்டுப் போனா? நீ எந்தத் தெரு? கார்டு இருக்கா, காட்டு." வருடம் முழுக்கக் குப்பையை அள்ளியவர் யாரென்று தெரியவில்லை. ஐம்பது ரூபாய்க்கு மட்டும் அடையாள அட்டை வேண்டும். கொடுக்கிற காசும் கைபடாமல் கேட் கம்பி வழியாகப் போகும். சில வீடுகளில் காசுக்குப் பதில் பழைய புடவையோ மிஞ்சிப்போன பலகாரமோ வரும்.

கைடுக்குக் கொடுத்தால் அதன் பெயர் டிப்ஸ். குப்பை அள்ளுகிற அக்காவுக்குக் கொடுத்தால் இனாம். ஒன்றைக் கொடுப்பவர் நாகரிகமானவர் ஆகிறார், இன்னொன்றைக் கேட்பவர் பிச்சைக்காரர் ஆகிறார். இந்த வித்தியாசம் சாதியிலிருந்து வருகிறது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது, அதைத்தான் இங்கே பேச வேண்டும். கொடுக்க வேண்டிய சம்பளத்தை முதலாளி கொடுக்காமல் வாடிக்கையாளரின் மனசுக்குத் தள்ளிவிடுகிறார். வாங்குகிறவர் மாதச் சம்பளத்துக்குப் பதில் எதிராளியின் முகத்தைப் பார்த்து வாழ வேண்டியிருக்கிறது.

தாய்லாந்தில் 'ஜீரோ டாலர் டூர்' என்று ஒரு வியாபாரம் நடந்தது. டூரை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, பயணிகளைக் குறிப்பிட்ட கடைகளுக்கு ஓட்டிப்போய் கமிஷனில் பணம் பார்ப்பார்கள். 2016-இல் அந்த அரசே இதன்மீது நடவடிக்கை எடுத்தது. இத்தகைய டூரில் கைடுக்கு ஒழுங்கான கூலி கிடையாது. கமிஷனும் டிப்ஸும்தான் வருமானம். அவர் சிரித்துக்கொண்டே இருப்பதும் ஏழாவது நகைக்கடைக்குக் கூட்டிப்போவதும் அதனால்தான்.

அமெரிக்காவின் கதை இன்னும் தெளிவானது. அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு, புல்மன் என்ற கம்பெனி தன் ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்ய விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களை வைத்துக்கொண்டது. சம்பளம் மிகக் குறைவு, மிச்சத்தைப் பயணிகளின் டிப்ஸில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரை வைத்து எல்லாப் போர்ட்டர்களையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். அடிமையை எஜமானின் பெயரால் அழைத்த பழக்கத்தின் மிச்சம் அது. 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அந்தப் போர்ட்டர்கள் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1937-இல் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. இன்றும் அங்கே டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991-லிருந்து அது மாறவில்லை. மற்றவர்களுக்கு 7.25 டாலர்.

இதே சிக்கலை நம் பக்கத்தில் முதலில் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோனவர் பாபாசாகேப். பம்பாய் மாகாணத்தில் மகர் மக்கள் அரசாங்கத்துக்கும் ஊருக்கும் இரவு பகலாக வேலை செய்தார்கள். அரசு தந்த கூலி அற்பம். ஒரு துண்டு இனாம் நிலமும், ஊரார் அறுவடையில் அளந்து போடும் 'பலுதா' தானியமும்தான் பிழைப்பு. வேலை வாங்குவது அரசு, படியளப்பது ஊர். ஆகவே மகர்கள் தலைநிமிர்ந்தால் ஊர் தானியத்தை நிறுத்தும். 1928-இல் அம்பேத்கர் கொண்டுவந்த மசோதா இந்த முடிச்சில்தான் கைவைத்தது. தானியத்தைப் பண வரியாக மாற்று, நிலவரியோடு சேர்த்து வசூல் செய், அரசே சம்பளமாகக் கொடு என்றது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் மசோதாவை அவர் திரும்பப் பெற நேர்ந்தது. மகர் வதன் முறை ஒழிய 1958-ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. நம் ஊர்களின் வெட்டியான் மானியமும் களத்து மேட்டில் அளந்துபோட்ட நெல்லும் இதே சரக்குதான். தீபாவளி இனாம் அதன் நகரத்துப் பிள்ளை.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். ஆவடியில் 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. ரயில்வே ஊழியர்களும் இந்தப் பக்கம் நிறையப் பேர். ரயில்வேயில் சில ஆண்டுகளாக 78 நாள் கணக்கில் போனஸ் அறிவிக்கிறார்கள். அது வங்கிக் கணக்கில் வந்து விழும். யாரும் யார் வாசலிலும் நின்று கேட்பதில்லை, கேட்க விடவும் மாட்டார்கள். சங்கம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அதே தெருவில் குப்பை வண்டி தள்ளுகிறவர், பெரும்பாலும் அருந்ததியர் அல்லது ஆதிதிராவிடர் வீட்டுப் பெண், தன் போனஸை வீடு வீடாக ஐம்பதும் இருபதுமாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

2020-இல் 'துப்புரவு' என்ற பெயரை அரசு 'தூய்மை' என்று மாற்றியது. பெயர் மாறியது, வேலையளிப்பவரும் மாறிக்கொண்டிருக்கிறார். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்ததும் இதற்காகத்தான். சுமார் 23,000 ரூபாய் வாங்கியவர்களுக்குத் தனியாரிடம் போனால் ஏறக்குறைய 17,000 என்ற நிலை. அம்பத்தூர் மண்டலத்தில் தனியார் அதற்கு முன்பே வந்தாயிற்று. மாதம் ஆறாயிரம் ரூபாய் வெட்டுக்கு எதிராகப் பேசாத குடியிருப்போர் சங்கம், ஐம்பது ரூபாய் இனாமுக்குத் தீர்மானம் போடுகிறது.

"அப்படியானால் இனாம் கொடுப்பதே நிலப்பிரபுத்துவம், நிறுத்திவிடலாமே" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நமக்கு இதில் உடன்பாடில்லை. சம்பளம் சரியாகும்வரை அந்தக் காசு அவர் வீட்டுப் பிள்ளையின் புதுத்துணி. கொள்கைக்காக இன்னொருவர் பண்டிகையை நிறுத்த நமக்கு உரிமை கிடையாது. கைடுக்கும் அப்படித்தான், கொடுங்கள். கொடுப்பதோடு நிறுத்தக் கூடாது என்பதே நம் வாதம்.

ஆகவே மாணவத் தோழர்கள் தங்கள் வீட்டிலும் தெருவிலும் சில விஷயங்களைச் செய்யலாம்.

முதலாவது, வீட்டில் டூர் போனால், அந்த டிப்ஸ் பணம் கைடின் கைக்குப் போகிறதா, அவருக்குத் தனியாகச் சம்பளம் உண்டா என்று கம்பெனியிடம் கேளுங்கள்.

இரண்டாவது, வாசலில் கொடுக்கும்போது கவரில் போட்டு, கையில் கொடுங்கள். 'நீ' வேண்டாம், அக்கா என்றோ அண்ணன் என்றோ கூப்பிடுங்கள். காசு கொடுத்ததைச் சாக்காக வைத்து "அப்படியே பின்பக்கம் சாக்கடையும் பார்த்துடு" என்று வேலை வாங்க விடாதீர்கள்.

மூன்றாவது, கொஞ்சமும் சமரசம் இல்லாதது. "தனியா ஐந்நூறு தர்றேன், உள்ள இறங்கி அடைப்பை எடுத்துடு" என்று பேசும் வீடுகள் நம் பகுதியில் உண்டு. கழிவுநீர்த் தொட்டிச் சாவுகள் ஆவடியிலும் நடந்திருக்கின்றன. இது டிப்ஸ் கணக்கில் வராது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வீட்டுக்காரரும் தப்ப முடியாது. 14420 என்ற எண்ணுக்குப் பேசினால் இயந்திர வண்டி வரும். இந்த எண்ணை உங்கள் தெருக் குழுவில் போடுங்கள்.

நான்காவது, சம்பளக் கணக்கைக் கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், சம்பள வரம்புக்குள் வருகிறவர்களுக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் தர வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலையை ஒப்படைத்தவர் தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே உள்ள விதி. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, உங்கள் வார்டின் ஒப்பந்த நகல், ஒரு ஆளுக்கு நிர்ணயித்த கூலி, பிஎஃப், இஎஸ்ஐ கட்டிய விவரம், போனஸ் கொடுத்த விவரம் ஆகியவற்றைக் கேட்கலாம். மனுவில் தொழிலாளர் யாருடைய பெயரையும் எழுதாதீர்கள். வேலை போனால் அவருக்குத்தான் போகும்.

1928-இல் பாபாசாகேப் கேட்டது நடந்திருக்க வேண்டிய இடம் இதுதான். நம் வீடுகள் சொத்துவரி கட்டுகின்றன. அந்த அக்காவின் தீபாவளி அந்த வரியிலிருந்து, சம்பளச் சீட்டில் ஒரு வரியாக வர வேண்டும். பதில் வர முப்பது நாள் ஆகும். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே மனுவைப் போடுங்கள். வருகிற பதில்களைச் சேர்த்து வார்டு வாரியாகக் கணக்குப் பார்ப்போம்.

ஜெய் பீம்.