நம்பிக்கையில்லை என்று எழுதிய பொருளியல் துறை

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பொருளியல் துறைக்கு 2024 அக்டோபரில் தொடங்கிய ஓராண்டு, செய்திகள் நிறைந்த ஆண்டு. அக்டோபர் 14 அன்று அத்துறைப் பேராசிரியர் டேரன் அசெமோக்லுவுக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அதே பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளியைச் சேர்ந்த சைமன் ஜான்சனும், சிகாகோவின் ஜேம்ஸ் ராபின்சனும் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 2025 அக்டோபரில், அதே துறைக்கு 2019இல் நோபல் கொண்டுவந்த அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2026 ஜூலை முதல் சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்துக்குப் போகப்போவதாக அறிவிப்பு வந்தது. இந்த இரண்டு செய்திகளையும் நம்மவர்கள் நிறையப் பேசினார்கள். நடுவே 2025 மே 16 அன்று வந்த ஓர் அறிக்கையைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் பெரிய செய்தி அதுதான்.

செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்துக்குள் வந்தால் கண்டுபிடிப்புகள் பெருகுமா என்ற கேள்வியோடு, அத்துறையின் முனைவர் பட்ட மாணவர் ஒருவர் 2024 நவம்பரில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். பெயர் சொல்லப்படாத ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம், அங்கே புதுப் பொருட்களை உருவாக்கும் வேலையில் 1,018 விஞ்ஞானிகள். நுண்ணறிவுக் கருவி கைக்கு வந்ததும் அவர்கள் கண்டறிந்த பொருட்கள் 44 சதவீதமும் காப்புரிமை விண்ணப்பங்கள் 39 சதவீதமும் கூடின என்றது கட்டுரை. அசெமோக்லுவும் அவருடைய சகா டேவிட் ஆட்டரும் வெளிப்படையாகப் பாராட்டினார்கள். பெரிய நாளிதழ்கள் எழுதின.

2025 ஜனவரியில் கணினி விஞ்ஞானி ஒருவர், புதுப் பொருட்களை உருவாக்கும் தொழிலின் நடைமுறை தெரிந்தவர், இரு பேராசிரியர்களிடமும் தன் சந்தேகத்தைச் சொன்னார். அவர்கள் அதைப் பல்கலைக்கழகத்திடம் கொண்டுபோனார்கள். விசாரணைக்குப் பிறகு மே மாதம் எம்.ஐ.டி. வெளிப்படையாகச் சொன்னது: தரவு எங்கிருந்து வந்தது என்பதிலும், அது நம்பத்தக்கதா என்பதிலும், கட்டுரையின் முடிவுகளிலும் எங்களுக்கு நம்பிக்கையில்லை. கட்டுரையைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடும்படியும் கேட்டது. மாணவர் இப்போது அங்கே இல்லை. பாராட்டிய இருவரும் தங்கள் பெயரைப் போட்டே இதைச் சொன்னார்கள்.

கட்டுரை ஆய்விதழில் இன்னும் அச்சாகியிருக்கவில்லை. சத்தமில்லாமல் திரும்பப் பெற்றிருந்தால் உலகம் மறந்திருக்கும். அச்சுக்கு வருமுன்பே பலர் அதை மேற்கோள் காட்டத் தொடங்கிவிட்டதால் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். நோபல் அறிவிக்கப்பட்டு ஏழு மாதமே ஆன ஒருவர், தான் புகழ்ந்த ஆய்வின்மீது தனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று எழுதுவது லேசான காரியமல்ல. புகழ்வதற்கு முன்பே அந்த நிறுவனம் எது, தரவு எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் குறை துறையின் குறைதான். ஆனாலும் மே மாதம் செய்த காரியத்தின் மதிப்பு அதனால் குறையவில்லை.

அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரின் நோபலுக்கு வழிகோலிய 2001ஆம் ஆண்டுக் கட்டுரையே தரவுச் சண்டையில் அடிபட்டு வந்ததுதான். காலனிகளில் குடியேறிய ஐரோப்பியர்கள் எத்தனை பேர் நோயில் செத்தார்கள் என்ற பழைய கணக்கை வைத்து, எங்கே நல்ல அமைப்புகள் வேரூன்றின, எங்கே சுரண்டல் அமைப்புகள் நிலைத்தன என்று அது வாதிட்டது. டேவிட் அல்பூய் என்ற ஆய்வாளர் அந்தக் கணக்கை வரிவரியாகத் தோண்டினார். 64 நாடுகளில் 36 நாடுகளுக்கான இறப்பு விகிதம் வேறு நாடுகளிலிருந்து எடுத்துப் போடப்பட்டது என்று 2012இல் முன்னணி ஆய்விதழில் எழுதினார். அதே இதழில் ஆசிரியர்கள் மறுப்பு எழுதினார்கள். இருதரப்பும் மோத முடிந்தது எண்கள் மேசைமேல் இருந்ததால்.

நான் விழுப்புரம் வட்டாரத்தில் அரசுக் கல்லூரியில் பொருளியல் நடத்தியவள். முதுகலை மாணவர்களைப் படிவத்தோடு ஊர்களுக்கு அனுப்புவேன். முதல் நாள் மாலை திரும்பி வரும் படிவங்களில் பாதிப் பேருக்குக் கடனே இருக்காது. கரும்பு வெட்டு உத்தரவு வராமல் ஆலையையே பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயிக்கா கடன் இல்லை? திண்ணையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தால் கடன் இல்லை என்றுதான் வரும். மறுமுறை போகும்போது கொல்லைப்புறத்தில் மாடு கறந்துகொண்டிருக்கும் அம்மா, மூத்த மகளின் சங்கிலி அடகில் இருப்பதைச் சொல்வார். முதல் எண்ணை அடித்துவிட்டு மாணவி இரண்டாவது எண்ணை எழுதுவாள். அடித்தல் திருத்தல், விட்டுப்போன பதில், ஒன்றோடொன்று பொருந்தாத ஏக்கர் கணக்கு எல்லாம் உண்மையான படிவத்தில் இருக்கும். ஓர் இடம்கூட விடுபடாமல் வழவழவென்று இருக்கும் அட்டவணையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன் 2024இல்தான் மறுபடியும் எம்.ஐ.டி.க்கு வந்து சேர்ந்தார். அவரும் சகாக்களும் தமிழ்நாட்டின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன்னும் பின்னும் சோதித்து, பண நெருக்கடி மனிதனின் சிந்திக்கும் திறனையே அழுத்துகிறது என்று 2013இல் எழுதினார்கள். ஆலைகள் முறைவைத்து வெட்டுவதால் ஒரே மாதத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும், பக்கத்துக் காட்டுக்காரர் கையில் இருக்காது. ஆய்வு அந்த வித்தியாசத்தைத்தான் பயன்படுத்தியது. அதற்கும் உடனே மறுவிமர்சனம் வந்தது. வரத்தான் வேண்டும்.

நம் பல்கலைக்கழகங்களில் இப்படி எதுவும் நடப்பதில்லை என்பது என் வருத்தம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதி இருக்கிறது. 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை, 60க்கு மேல் போனால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்து. நல்ல விதி. ஆனால் மென்பொருள் பிடிப்பது வேறொருவர் எழுதிய சொற்களை மட்டுமே. ஊரில் இல்லாத 300 விவசாயிகளைச் சொந்த வாக்கியத்தில் எழுதினால் அது கண்டுபிடிக்காது. ஒரு வாய்மொழித் தேர்வில், பூர்த்திசெய்த படிவங்களைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வீடு மாறும்போது தொலைந்துவிட்டன என்றார் மாணவர். நெறியாளர் தலையாட்டினார். பட்டம் கிடைத்தது. அந்த ஆய்வு நேர்மையானதாகவே இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் பட்டம் கொடுத்தோம் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

இத்தனைக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறை தொடங்கியதே களப்பணியில்தான். அதன் முதல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராய்ந்து 1918இல் புத்தகமாக்கினார். ஊர்ப் பெயரோடு விவரங்கள் அச்சில் இருந்ததால், 1936–37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போக முடிந்தது. எங்கள் மாவட்டத்து இருவேல்பட்டு அவற்றில் ஒன்று. 1961இல் ஆய்வாளர் மார்கரெட் ஹாஸ்வெல் அங்கே வந்தார், 1980களில் மறுபடி ஆய்வு நடந்தது, 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் வந்தார்கள். முன்னவர் சொன்னதைப் பின்னவர் சரிபார்த்தும் திருத்தியும் கிட்டத்தட்ட நூறாண்டுக் கணக்கு ஒன்று நம்மிடம் சேர்ந்திருக்கிறது.

முனைவர் பட்ட ஆய்வேடு சமர்ப்பிக்கும்போதே பூர்த்திசெய்த படிவங்களை, பெயரும் கைபேசி எண்ணும் மறைத்த பிரதியாகத் துறை நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் விதி போடட்டும். மூலப் படிவம் நெறியாளரிடம் பூட்டில் இருக்கட்டும். பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொருவர் போய் அதே கேள்விகளில் சிலவற்றை மறுபடி கேட்கட்டும். பானர்ஜியும் டுஃப்லோவும் முல்லைநாதனும் 2003இல் தொடங்கிய ஜே-பால் ஆய்வு மையத்தின் களக்குழுக்களுக்கு இப்படி மறுசோதனை செய்வது வாடிக்கை. அந்த மையத்தோடு தமிழக அரசு 2014இலேயே ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 300 பேரிடம் எடுத்த ஆய்வுக்கு 30 வீடுகள். டவுன் பஸ்ஸில் போய்வரும் இரண்டு மாணவர்களுக்கு அது ஒரு வார வேலை.