நந்திமலைச் சாரலின் கொடிமுந்திரி

பெங்களூரில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுள் கறுந்திராட்சையை அறியாதது ஒன்றும் இராது. தள்ளுவண்டியில் குவித்து விற்கப்படுவதும், தடித்த தோலும் விதையும் உடையதும், இனிப்போடு புளிப்பும் கலந்ததுமான அக்கனிக்கு இந்நகரின் பெயரே பெயராய் அமைந்தது. 'பெங்களூர் புளூ' எனப்படும் அதற்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிட்டியது. பழத்தின் சுவையை நன்கறிந்த நாம், அதை விளைவிப்போரின் நிலையை எவ்வளவு அறிவோம்? இத்திங்கள் அதனைச் சிறிது சிந்திப்போம்.

நகருக்கு வடக்கே தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், சிக்கபள்ளாபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து, 1,478 மீட்டர் உயர்ந்த நந்திமலையின் அடிவாரத்தே பரந்துள்ள மேட்டுநிலமே இக்கொடிக்கு உகந்த இடம். எலகங்காவிலிருந்து சிக்கபள்ளாபுரத்துக்குப் புகைவண்டியில் சென்று 'நந்தி ஹால்ட்' நிலையத்தில் இறங்கியோர்க்கு இந்நிலம் புதிதன்று. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலுள்ள இங்குப் பகல் வெயில் கனிக்கு இனிப்பை ஊட்டும். இரவின் குளிர்ச்சி புளிப்பை முற்றும் போகவிடாது காக்கும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தே கொடி இலையுதிர்த்து உறங்கும். இங்கு அதற்கு உறக்கமில்லை. ஆதலின் உழவர் காலமறிந்து கவாத்துச் செய்து, ஆண்டுக்கு இருமுறை பலன் காண்கின்றனர்.

கொடியைப் பந்தலில் ஏற்றுவதும், கவாத்துச் செய்வதும், நோய்க்கு மருந்தடிப்பதும், குலை நசுங்காமல் கொய்வதும் ஓயாத வேலைகள். சிறு தோட்டங்களில் குடும்பத்தார் அனைவரும் இவற்றில் கைகொடுப்பர். இவ்வளவு உழைப்புக்குப் பின்னரும் விலையைச் சொல்லும் உரிமை அவர்களிடம் இல்லை. கொய்த திராட்சை காத்திராது. இன்று விற்காதது நாளை வாடும், மறுநாள் அழுகும். இதனை வணிகர் அறிவர். பண்டம் பொறுக்காத இடத்தில், விற்பவன் பணிய வேண்டியதாகிறது.

மேனாட்டு மலைக்கிராமத்தார் இத்துன்பத்துக்கு ஒரு வழி கண்டனர். கனியைப் பிழிந்து புளிக்கவைத்து, வீட்டு மதுவாக்கிப் பீப்பாயில் இருத்தினர். அதனால் விற்கும் நாளைத் தாமே குறிக்கும் வலிமை பெற்றனர். நம் பெங்களூர்க் கனிக்கும் இதில் உறவுண்டு. அமெரிக்க வழிவந்த 'இசபெல்லா' என்னும் இனமே இது என்பர். அவ்வினத்தைத் தாழ்ந்ததெனக் கருதிய பிரான்சு, 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனை விலக்கிற்று. ஆஸ்திரியாவின் தென்கிழக்கில், புர்கன்லாந்துச் சிற்றூர்க் குடும்பங்கள் அதிலிருந்தும் அதன் உறவுக் கொடிகளிலிருந்தும் 'ஊஹுட்லர்' என்னும் மதுவை வடித்து வந்தன. அதன் விற்பனையும் தடைப்பட்டிருந்து, 1992-இல் மீண்டும் இசைவு பெற்றது. பெருவணிகர் இகழ்ந்த கொடியைச் சிறுகுடிகள் கைவிடவில்லை.

இங்கும் திராட்சை மதுத் தொழில் இல்லாமலில்லை. கன்வல் குரோவர் என்பார், பிரான்சின் ஷாம்பேன் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் என்னும் வல்லுநரின் துணையோடு, 1988-இல் நந்திமலையடியில் குடும்பத் தொழிலாக ஒரு தோட்டம் தொடங்கினார். அது வளர்ந்து 2012-இல் நாசிக் நிறுவனமொன்றுடன் இணைந்தது. 2007-இல் கர்நாடக அரசும் திராட்சை மதுவுக்கெனத் தனிக்கொள்கை வகுத்தது. ஆயினும் உயர்ந்த மதுவுக்குக் கபர்னே, ஷிராஸ் முதலிய பிரெஞ்சுக் கொடிகளையே நாடுகின்றனர். நம் கறுந்திராட்சை பழச்சாற்றுக்கும், சாராயச் சத்துக் கூட்டிய மலிவான இனிப்பு மதுவுக்கும் செல்கிறது. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் உழவர் தாமே மது வடிக்கலாமெனில் உரிமமும், எஃகுத் தொட்டியும், குளிரூட்டும் பொறியும் வேண்டும். அவ்வளவு முதல் அவர்க்கு ஏது?

மதுவைப் பற்றி நாம் கருதுவதையும் ஒளியாது கூறிவிடுகிறோம். யவனர் கலங்களில் வந்த தேறலைப் பழந்தமிழ்ப் புலவர் பாடியதுண்டு. ஆனால் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மது அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெரிவித்தது. வாரக்கூலி வீடு வந்து சேருமுன் கரைந்துபோன துயரை நம் குடியிருப்புகளில் அறியாதார் யார்? ஆகவே மேனாட்டார் பீப்பாயை நாம் வேண்டவில்லை. கனியைக் காத்திருக்கச் செய்து, உழவர்க்கு விலைசொல்லும் வலிமை தந்த அந்த ஏற்பாட்டின் பயனையே வேண்டுகிறோம்.

அப்பயனை அடைய மதுவின்றியும் வழியுண்டு என்பதற்கு இந்நகரே சான்று. தோட்டக்கலைத் துறையின் தலைவராயிருந்த மரிகௌடாவின் முயற்சியால், 1959-இல் பெங்களூர்த் திராட்சை விளைவிப்போர் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். விளைவித்தவர் பழத்தைச் சங்கத்தில் சேர்ப்பார். சங்கம் தன் கடைகளில் விற்கும். இடையில் நின்று இலாபம் கொள்வார் குறைவர். அதுவே பின்னர் எல்லாக் காய்கனிகளுக்கும் விரிந்து, இன்று தெருமுனைகளில் நாம் காணும் 'ஹாப்காம்ஸ்' ஆயிற்று. நாள்தோறும் அக்கடையைக் கடந்து செல்லும் நம்மில் எத்தனை பேர் அது திராட்சைப் பந்தலில் பிறந்ததென அறிவோம்?

2008-இல் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்தபின் சூழவுள்ள நிலத்தின் விலை விண்ணைத் தொடுகிறது. கொடி தரும் வருவாயைவிட மனை தரும் வருவாய் பெரிதாயின், எக்குடும்பம்தான் பந்தலைப் பிரிக்காதிருக்கும்? அவர்களைக் குறைகூறுதல் தகாது. பிழைப்புத் தேடி ஊர்நிலத்தை விட்டு வந்த நமக்கு அவ்வேதனை நன்கு தெரியும்.

நம்மால் இயன்றது சிறிதே. எனினும் அதைச் செய்வோம். திராட்சைப் பருவத்தில் கூட்டுறவுக் கடையில் ஒரு கிலோ கூடுதலாய் வாங்குவோம். நன்கு கழுவி, சிறிது நீர்விட்டுக் கொதிக்கவைத்துப் பிழிந்து வடிகட்டிச் சர்க்கரை சேர்த்தால், குழந்தைகள் விரும்பும் நறுஞ்சாறு ஆகும். நமக்கு உணவும் நிழலும் அளித்த இம்மண்ணின் உழவர்க்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவே ஆகுக.