பென்ட்ரி அடிக்க முந்தி ஓவனை அளந்து பாருங்க

போன நோன்பின் கடைசிப் பத்தில் ராத்தாவின் அடுப்படியில் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வாறேன். கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டுறவங்க, குக்கர் மாத்த இருக்கிறவங்க கடைசி வரைக்கும் வாசிங்க.

ராத்தா வீட்டிலிருந்தே கேக் ஓடர் எடுத்துச் செய்பவர். பெருநாளுக்கு முந்தின நாலைந்து நாளும் லுஹருக்குப் பிறகு ஓவனைப் பத்த வைத்தால் இரவு வரைக்கும் எரியும். மூன்றாம் நாள் பக்கத்துக் கபட் கதவில் ஒட்டியிருந்த வெள்ளைத் தோல் ஓரத்தில் கிளம்பிச் சுருண்டு வந்தது. "கம் சரியில்ல போல" என்று டேப் ஒட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

பெருநாள் முடிந்து குக்கரை வெளியே இழுத்தபோதுதான் தெரிந்தது. பின்னால் போகிற கேஸ் ஹோஸ் ஓவனின் முதுகில் முட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. முட்டின இடம் கருகி, வெடிப்பு விட்டிருந்தது. ஓட்டையாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த அடுப்படியில்தான் சின்னவள் பாய் போட்டுப் பாடம் படிக்கிறவள்.

குக்கர் விற்ற கடையில் கேட்டால் "பென்ட்ரி அடிச்சவர்ட பிழை" என்றார்கள். அடிச்சவரைக் கேட்டால் "நீங்க தந்த அளவுக்குத்தான் அடிச்சன்" என்றார். அளவு கொடுத்தது மச்சான். குக்கரின் அகலத்தை அப்படியே கொடுத்திருக்கிறார், ஒரு விரல் இடைவெளி இல்லாமல். இடைவெளி விட்டால் வடிவில்லை, குப்பை விழும் என்று குடும்பமே சேர்ந்து சொன்னதுதான் காரணம். அப்படிச் சொன்னதில் நானும் ஒருத்தி.

கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்று வெப்பம் போகிற மூன்று வழியையும் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிற டீச்சர் நான். சொந்த ராத்தாவின் அடுப்படியில் அந்த மூன்றும் நடந்தது என் கண்ணுக்குப் படவில்லை.

கணக்கு இதுதான். கேக்குக்கு ஓவனை 180 பாகை செல்சியசில் வைக்கிறோம். கதவுக்கு ஒட்டுகிற பிளாஸ்டிக் தோலின் பசை சுமார் 70 பாகையிலேயே இளகத் தொடங்கும். ஓவன் சுவரின் சூடு, ஒட்டி நிற்கிற பலகைக்கு நேரே கடக்கிறது. பின்பக்கத்தாலும் மேலாலும் வருகிற சூடான காற்று வெளியே போக வழியில்லாமல் கபட்டுக்குள் நுழைகிறது. கேக்கை எடுத்துவிட்டு "ஆறட்டும்" என்று ஓவன் கதவைத் திறந்து விடுகிறோமே, அந்த அனல் நேரே பக்கத்துக் கதவில்தான் அடிக்கும்.

பலகையும் லேசான விஷயமில்லை. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்ததுதான் இந்த எம்.டி.எஃப், சிப்போர்ட் எல்லாம். வாவிக் காற்றின் ஈரத்துக்கே ஊதுகிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பசையிலிருந்து ஃபோமல்டிஹைட் வாயு கூடுதலாக வெளியேறும். அலுமினியம் பென்ட்ரி என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். சட்டம் அலுமினியம்தான்; ஆனால் கதவுக்குப் போடுகிற கிளாடிங் தகட்டின் நடுவில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இருக்கிறது.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்கள் ஞாபகம் இருக்கா? நாடு முழுக்க கேஸ் அடுப்பு வெடிக்கிற செய்தி. சிலிண்டரில் புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு என்று தேத்தண்ணிக் கடையிலும் பேசினோம். ஜனாதிபதி விசாரணைக் குழு நியமித்தார். சவர்க்கார நுரை தடவி லீக் பார்க்க சின்னப் பிள்ளையும் பழகியது. 2022இல் கேஸ் வரிசையில் நின்றோம், விறகுக்குத் திரும்பினோம். வரிசை முடிந்ததோடு அந்தக் கவனமும் முடிந்துவிட்டது. சிலிண்டரைப் பார்த்துப் பயந்த நாங்கள், அதை வைத்த இடத்தைப் பார்க்கவில்லை.

என் அபிப்பிராயம் இதுதான்: முதலில் குக்கரைத் தெரிவு செய்யுங்கள், பென்ட்ரியைப் பிறகு அடியுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்கிறோம். பென்ட்ரியை அடித்துவிட்டு, விட்ட ஓட்டைக்குள் நுழைகிற குக்கரைத் தேடுகிறோம்.

கடையில் கேட்க வேண்டியவை:

1. இதன் சூடான காற்று எந்தப் பக்கத்தால் வெளியே வருகிறது? பின்னாலா, மேலாலா, முன்னாலா?

2. பக்கத்துக்கும் பின்னுக்கும் எவ்வளவு இடைவெளி விடச் சொல்லி அதன் புத்தகத்தில் இருக்கிறது? மொடலுக்கு மொடல் இது மாறும். புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

3. கபட்டுக்குள் பூட்டுகிற ஓவன் என்றால், பின்பலகையில் காற்றுப் போக எவ்வளவு வெட்ட வேண்டும்?

வீட்டில் பார்க்க வேண்டியவை: அடுப்புக்கு நேர் மேலே மரக் கபட் இருந்தால் குறைந்தது 30 அங்குலம், அதாவது 76 சென்ரிமீற்றர் உயரம் விட வேண்டும் என்பது அமெரிக்காவில் உள்ள விதி. எங்களுக்கும் அது நல்ல அளவு. ஹோஸ் ஓவனுக்குப் பின்னால் போகவே கூடாது. சிலிண்டரை ஓவனுக்குப் பக்கத்துக் கபட்டுக்குள் மூடி வைக்க வேண்டாம். கேஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் அடியில்தான் தேங்கும், மேலே ஜன்னல் திறந்திருந்தும் பிரயோசனமில்லை.

"டீச்சர், எங்கட அடுப்படி எட்டடிதான், இடைவெளிக்கு எங்க போற?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படியென்றால் பெரிய ஸ்டாண்ட் ஓவன் அந்த வீட்டுக்குச் சரியில்லை. மேசையில் வைக்கிற சின்ன கரண்ட் ஓவன் போதும். அதற்கும் சுற்றிவரக் காற்று வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கட கிழக்கில், தமிழரோ முஸ்லிமோ, வீடு பெண்பிள்ளைக்குத்தான். அந்த வீட்டைக் கட்டி முடிக்க வாப்பாவும் நானாமாரும் எத்தனை வருஷம் பாடுபடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது அதில் பென்ட்ரியும் சேர்ந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் கதவைத் தட்டிப் பார்த்து "வடிவா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குப் பக்கத்தில் நின்று வேகப்போவது அந்தப் பிள்ளை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அளவு எடுங்கள்.

ராத்தா வீட்டில் இரண்டு பக்கமும் பலகையை வெட்டி இரண்டு அங்குலம் விட்டிருக்கிறோம். ஹோஸும் ரெகுலேட்டரும் புதிது. குப்பை விழுகிறதுதான். கிழமைக்கு ஒருக்கா குக்கரை இழுத்துக் கூட்டுகிறார்.

இன்றைக்கே உங்கள் குக்கரையும் ஒருக்கா இழுத்துப் பாருங்கள். ஹோஸ் எங்கே முட்டுகிறது என்று பார்த்துவிட்டு கீழே எழுதுங்கள்.